ஓடினால் குளிரும், நின்றால் கொதிக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவர், இசை பேசுவர், சமயம் பேசுவர். எஞ்சினின் சூட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். பேசலாம் என்பது மட்டுமன்று, பேசியே ஆக வேண்டும் என்பது நம் கருத்து. நாள்தோறும் நம் கை படும் பொறிகளைப் பற்றித் தாய்மொழியில் பேசப் பழகாத மக்கள், அவற்றை விலை கொடுத்து வாங்க வல்லவராக இருப்பரே ஒழிய, அவற்றை ஆள வல்லவராக இரார். ஆதலின், கோடைக் காலத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைச் சூடேறாமல் காப்பது எவ்வாறு என்பதை இன்று எடுத்துக்கொண்டோம்.

இப்பொருளைப் பேசுவதற்குக் கல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் இந்நாட்டில் அரிது. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உத்தரபாராவில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை அம்பாஸடர் காரை உருவாக்கியது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, 2014ஆம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வண்டி இந்நாட்டுச் சாலைகளில் ஆட்சி செலுத்தியது. பாரக்பூர் விமானத்தளத்திலும் அலிப்பூரிலும் கார்ப் பந்தயங்கள் நடந்த காலமும் உண்டு. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1960களில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பைக் காண மக்கள் சாலையோரங்களில் திரண்டு நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

நம் தாயகத்துக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்து பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே அமைத்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டே பந்தய வண்டிகளை வடிவமைத்து இளைஞர் பலருக்கு வழி திறந்தார். அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வண்டி ஓட்டிய முதல் இந்தியரானார். விரைவு நமக்குப் புதிதன்று. விரைவின் உடன்பிறப்பாகிய வெப்பமும் புதிதன்று.

முதலில் இந்த வெப்பம் எவ்வளவு என்பதை அறிவோம். எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டும் வேலைக்குப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு சிலிண்டர்களின் சுவரில் இறங்குகிறது. அதை நாம்தான் அகற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது இவ்வாறு அகற்ற வேண்டிய வெப்பம், சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கல்யாண வீட்டில் அண்டா வைத்து வெந்நீர் போடும் தாய்மார்களுக்கு இது எத்தகைய நெருப்பு என்று விளக்க வேண்டியதில்லை. அத்தனை வெப்பமும் ஒரு பெட்டியளவான இரும்புக்குள் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கிறது.

இவ்வெப்பம் வெளியேறும் வழி ஒரு சங்கிலி. சிலிண்டரின் உலோகம் வெப்பத்தை அதைச் சூழ்ந்த நீருக்குக் கொடுக்கிறது. பம்பு அந்நீரை முன்புறமுள்ள ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் தகடுகளும் அதைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. காற்று அதைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது. உலோகம், நீர், ரேடியேட்டர், காற்று ஆகிய நான்கு கண்ணிகளில் எது தளர்ந்தாலும் எஞ்சின் கொதிக்கும். தண்ணீர்தான் எஞ்சினைக் குளிரச் செய்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். தண்ணீர் வெறும் சுமைகூலி. சுமையை இறுதியில் இறக்குமிடம் காற்றே. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி நாம் சொல்லப்போவன யாவும் தாமே விளங்கும்.

ஸ்போர்ட்ஸ் காரின் இயல்பு இங்கேதான் சிக்கலை உண்டாக்குகிறது. அது விரைந்து ஓடுவதற்கென்றே பிறந்தது. அதன் எஞ்சின் பெரிது. அதை மூடும் பானெட் தாழ்வானது. முகப்பில் காற்று நுழையும் வாய் குறுகியது. எஞ்சினைச் சுற்றி விரல் நுழையவும் இடமிராது. பழுக்கக் காய்ந்த புகைக்குழாய்கள் பக்கத்திலேயே நெருங்கி நிற்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்தக் குறுகிய வாய் வழியாகவே புயல்போல் காற்று பாய்ந்து அனைத்தையும் குளிரச் செய்துவிடும். அதே வண்டி ஹௌரா பாலத்தின் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரும்போது காற்று எங்கிருந்து வரும்? ஓடினால் குளிரும், நின்றால் கொதிக்கும் என்பதே அதன் பிறவிக் குணம்.

உலகின் தலைசிறந்த பந்தய வண்டிகளுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஃபார்முலா ஒன் வண்டியில் ரேடியேட்டருக்கு விசிறியே கிடையாது. ஓட்டத்தால் எழும் காற்றே அதற்கு விசிறி. ஆகவே பந்தயம் தொடங்குமுன் அது வரிசையில் நிற்கும் சில நிமிடங்களில், பணியாளர்கள் காற்றூதிகளையும் உலர்பனிக்கட்டியையும் கொண்டு அதன் பக்கவாய்களைக் குளிரச் செய்கின்றனர். மலேசியாவின் செபாங் தடத்தில் 1999 முதல் 2017 வரை நடந்த பந்தயங்களுக்கு, வெம்மை கருதி வண்டியின் உடலில் பெரிய காற்றுத் திறப்புகளை வைத்துக்கொண்டு வந்தனர். அவ்வாறு செய்தால் வேகம் சற்றுக் குறையும் என்று தெரிந்தே செய்தனர். எஞ்சின் வெந்துபோனால் வேகத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை அல்லவா?

இனி நம் நகரத்து வெயிலைக் கணக்கிடுவோம். எஞ்சின் நீர் 90 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்று கொள்வோம். தை மாதக் காலையில் காற்று 20 டிகிரி. இரண்டுக்கும் இடையே 70 டிகிரி வேறுபாடு. சித்திரை, வைகாசி நண்பகலில் காற்று 40 டிகிரி. வேறுபாடு 50 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இவ்வேறுபாட்டைப் பொறுத்ததாதலால், அதன் திறனில் ஏறத்தாழ 30 விழுக்காடு கோடையில் தானே போய்விடுகிறது. வண்டியில் பழுதேதும் இல்லை. ஆயினும் தையில் தாங்கிய ரேடியேட்டர் சித்திரையில் தாங்காது. பழங்கார் அணிவகுப்புகள் குளிர்காலத்தில் நடைபெறுவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

ஒரு வியப்பையும் இங்கே கூறலாம். கல்கத்தாவின் கோடையில் நம்மை வாட்டுவது வெயிலைவிடக் காற்றின் ஈரமே. வியர்வை உலராததால் உடல் குளிர்வதில்லை. எஞ்சினுக்கோ அந்த ஈரத்தால் பெரும் துன்பம் இல்லை. ஏனெனில் அது வியர்த்துக் குளிர்வதன்று. எஞ்சின் வியர்க்குமானால், அஃதாவது நீர் கசியுமானால், அது நோயின் அறிகுறி. அதை அன்றே கவனிக்க வேண்டும்.

இனிக் காக்கும் முறைகளுக்கு வருவோம். சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய காற்றிலிருந்து தொடங்குவதே முறை. ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் சேறும் சருகும் அடைத்திருந்தால், மென்மையான நீர்த்தாரையால் உட்புறமிருந்து வெளிப்புறமாகக் கழுவ வேண்டும். அழுத்தம் மிக்க தாரை மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூண்டு இருத்தல் வேண்டும். அது இல்லையேல் விசிறி, வந்த காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டருக்கும் முகப்புக்கும் இடையே சந்துகள் இருந்தால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அச்சந்துகளை ரப்பர்ப் பட்டையால் அடைக்க வேண்டும். காற்று உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். சில ஸ்போர்ட்ஸ் கார்களின் பானெட்டின்மேல் வரிவரியாகத் திறப்புகள் இருப்பது அழகுக்காக மட்டுமன்று.

பழைய வண்டிகளில் எஞ்சினே பெல்ட்டின் வாயிலாக விசிறியைச் சுழற்றும்; எஞ்சின் மெல்லச் சுற்றினால் விசிறியும் மெல்லச் சுற்றும். நெரிசலில் காற்று மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் அது மிகக் குறைவாகக் கிடைப்பது இதனால்தான். மின்சார விசிறிக்கு இக்குறை இல்லை. 1961இல் வெளிவந்த ஜாகுவார் இ-டைப் காரிலேயே அது இருந்தது. பழைய காருக்கும் அத்தகைய விசிறியைப் பொருத்தலாம். பொருத்தியபின் விசிறி சுழலும்போது ஒரு காகிதத்தை முகப்பின் அருகே பிடித்துப் பாருங்கள். காகிதம் ரேடியேட்டரை நோக்கி இழுக்கப்பட வேண்டும். தள்ளப்பட்டால், மின்கம்பிகள் மாறி இணைக்கப்பட்டு விசிறி எதிர்த்திசையில் சுழல்கிறது என்று பொருள். அத்தகைய விசிறி, ஓடும்போது வரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும்.

அடுத்தது நீர். ஆற்று நீரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் குடிக்க உதவலாம், ரேடியேட்டருக்கு உதவா. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படியும் உப்பு, எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அப்படிவு வெப்பத்துக்குப் போர்வை போர்த்தியது போலாகும். காய்ச்சி வடித்த நீரும், வண்டியைச் செய்தவர் குறித்த கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே சரி. கூலன்ட் துருவைத் தடுக்கும். கொதிநிலையையும் சற்று உயர்த்தும். ஆயின் அதை அளவுக்கு மீறிச் சேர்ப்பதால் பயனில்லை. வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றலில் நீருக்கு நிகர் நீரே. நம் ஊரில் நீர் உறைந்துவிடும் என்ற அச்சமும் இல்லை. வகை வகையான கூலன்ட்டுகளைத் தம்முள் கலத்தலும் ஆகாது.

தாய்மார்கள் இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். எத்திலீன் கிளைக்கால் கொண்ட கூலன்ட் கண்ணைக் கவரும் நிறமுடையது, நாவுக்கு இனிப்பது, ஆனால் கொடிய நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டுமாறு அதை வைக்கவோ, குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவோ, தரையில் சிந்தியதை அப்படியே விடவோ கூடாது.

ரப்பர்க் குழாய்கள் வெம்மையால் உப்பியும் வெடித்தும் போகும். கோடைக்கு முன்னரே பிதுக்கிப் பார்த்து மாற்றிவிடுதல் நலம். பெல்ட் தளர்ந்திருந்தால் பம்பும் விசிறியும் வழுக்கும். தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு, நீர் உரிய சூட்டை அடைந்தபின் ரேடியேட்டருக்கு வழிவிடுவது. கோடை வந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பல எஞ்சின்களில் தீமையே தரும். சிலவற்றில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்ந்த வேளைகளில் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமல் தேயும். பழுதுற்றால் புதியது பொருத்துக, கழற்றி விடற்க.

எரிதலிலும் கவனம் வேண்டும். தீப்பொறி உரிய நேரத்துக்குப் பிந்தினாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் எஞ்சின் கூடுதலாகக் காயும். ரேடியேட்டரை மாற்றியும் சூடு தணியவில்லை என்று வருந்துவோர் இவ்விரண்டையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எண்ணெயும் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கைச் சுமப்பதால், அதன் அளவும் தரமும் குறையலாகாது.

சில வேளைகளில் சூடு காட்டும் முள் நடுவில் நிற்க, வண்டி மட்டும் திணறி நின்றுவிடும். அது நீர் கொதித்ததன்று, பெட்ரோல் கொதித்தது. கார்புரேட்டரிலோ பெட்ரோல் பம்பிலோ ஆவி அடைத்துக்கொண்டு பெட்ரோலுக்கு வழிவிடாமல் நிற்பதே காரணம். அம்பாஸடர் ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிய காட்சியை நம் முதியவர்கள் மறந்திரார். ஏட்டறிவின்றியே ஆவியாதலின் குளிர்ச்சியைப் பயன்படுத்திய கூர்மை அது. பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி அமைப்பதும், இடையே தகட்டுத் தடுப்பு வைப்பதும் நிலையான மருந்து.

ஓட்டும் முறையும் ஒரு காப்பு. நெரிசலில் முள் ஏறத் தொடங்கினால் முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துக. வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுமையாகத் திறந்துவிடுக. சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று நகைக்க வேண்டா; அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. நமக்கு வியர்க்கும், எஞ்சின் பிழைக்கும். பெல்ட்டால் சுழலும் விசிறியுள்ள பழைய காரானால், நிற்கும்போது நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சற்றே விரைந்து சுற்றவிட்டால் பம்பும் விசிறியும் விரைவடையும். அதன் பின்னும் முள் இறங்காவிடில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. இன்னும் சிறிது தூரந்தானே என்று ஓட்டிச் செல்வதுதான் பெருங்கேடு. அந்தச் சிறிது தூரத்தில் சிலிண்டர் ஹெட் கோணிவிடும். ஹெட் கேஸ்கெட் வெடிக்கும். எண்ணெயில் நீர் கலந்து பால்போல் வெளுக்கும். பழைய வண்டிகளுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிதான இக்காலத்தில், ஐந்து நிமிட அவசரம் ஐம்பதாண்டுப் பேணுதலை அழித்துவிடும்.

நெடுந்தொலைவு விரைந்து ஓட்டி வந்தபின் உடனே அணைத்தலும் நன்றன்று. அணைத்ததும் பம்பு நின்றுவிடும். உலோகத்தில் தங்கிய சூடு நீரில் இறங்கி முள்ளை மேலும் ஏற்றும். பந்தயம் முடிந்தபின் ஓட்டுநர்கள் ஒரு சுற்று மெல்ல ஓடிவருவதன் பயன்களுள் இதுவும் ஒன்று. நாமும் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு அணைக்கலாம். இக்காலக் கார்களில் அணைத்த பின்னும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அது பழுதன்று, காவல்.

இறுதியாக, இந்த உரை முழுவதையும் மறந்தாலும் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. கொதிக்கும் எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின்கீழ், தண்ணீர் சுமார் 120 டிகிரிவரை கொதியாமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும்; 100 டிகிரிக்கு மேற்பட்ட அந்நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்கு அளவில் விரிவதால், எஞ்சிய கொதிநீரையும் தூக்கிக்கொண்டு குனிந்திருப்பவரின் முகத்தில் பாயும். கண்ணைப் பறிகொடுக்க ஒரு கணம் போதும். காரை இழந்தால் வேறு கார் வாங்கலாம்; கண்ணுக்கு என் செய்வது?

ஆகவே எஞ்சினை அணைத்து, ஆவி சீறாத நிலையில் பானெட்டைத் திறந்துவைத்து, மேல் ரப்பர்க் குழாயைக் கையால் பற்ற முடியும்வரை காத்திருங்கள். முக்கால் மணி நேரமானாலும் ஆகட்டும். அதன்பின் தடித்த துணியால் மூடியை மெல்லத் திருகி, முதல் பிடியில் நிறுத்தி, மிஞ்சிய அழுத்தம் வடிந்தபின் திறக்கலாம். சுடும் எஞ்சினின்மேல் தண்ணீரை வாரி இறைப்பதும், சுடச்சுட உள்ளே குளிர்ந்த நீர் ஊற்றுவதும் வார்ப்பைப் பிளந்துவிடும். எவருக்கேனும் சுட்டுவிட்டால், குழாயடியில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாவும் மையும் பற்பசையும் தடவாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அன்பர்களே, நம்மில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் மிகச் சிலர். ஆயினும் இங்குக் கூறியவற்றுள் பெரும்பாலானவை, காலனி வாயிலில் நிற்கும் சிறு காருக்கும் நம்மை ஏற்றிச் செல்லும் மஞ்சள் டாக்ஸிக்கும் பொருந்தும். உங்கள் வண்டியில் சூடு காட்டும் முள் எங்கே இருக்கிறது, வழக்கமாக எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஓட்டுபவர் மட்டுமன்றி, உடன் அமர்ந்து செல்லும் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். மூடியைத் திறக்கப் போகும் தந்தையின் கையை ஒரு சிறுமி தடுத்து நிறுத்துவாளாயின், இன்று பேசியதன் பயன் முழுதும் கிட்டிவிட்டது என்று மகிழ்வோம்.